கூப்பிட்ட தகரம்

எங்கள் காரின் தரை இற்றுப்போனது மீன் தண்ணீரால்தான். காலையில் கடற்கரை ஊர்களிலிருந்து மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் சந்தைக்கு வருவார் என் வீட்டுக்காரர். பிறகு அதே வண்டியைக் கழுவிவிட்டுச் சாயங்காலம் கடலோரச் சாலையில் ஆள் ஏற்றி ஓட்டுவார். கழுவிவிட்டால் எல்லாம் போய்விடும் என்பது அவர் நினைப்பு. கூடையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் பலகைக்கு அடியில் தங்கி இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் பிரேக்கை மிதித்தவரின் இன்னொரு கால் தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வண்டி மெதுவாகப் போனதால் கால் பிழைத்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் காலுக்கு அடியில் நல்ல தகடு ஒன்று வந்தாக வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கார் தகடு என்று கேட்டு நம் பக்கத்துக் கடையில் வாங்க முடியாது. இருவரும் குளச்சலில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். என் அப்பா தகரத்தில் விளக்கும் புனலும் செய்து விற்றவர். நான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஆன பிறகும் தகரத்தைத் தட்டிப் பார்க்கும் கை என்னை விட்டுப் போகவில்லை. வீட்டுக்காரரைத் தனியாக அனுப்பினால் பளபளப்பைப் பார்த்து ஏமாந்து வருவார்.

மண்ணெண்ணெய் டின்னை விரித்த தகரம் கடையில் நிறையக் கிடந்தது. வெட்டுவது சுலபம், மிதித்தால் குழிந்துவிடும். கூரைத் தகடு கனம்தான், ஆனால் அதன் நெளிவை அடித்து நிமிர்த்தும்போது மேல்பூச்சு விட்டுப்போய் அந்த வழியாகத் துரு ஏறும். கப்பலிலிருந்து உடைத்தெடுத்த இரும்பும் இருந்தது. அதைப் போட்டால் வண்டி நகராது. ஒவ்வொன்றாகத் தட்டி, வளைத்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டே போனேன்.

மூலையில் சாக்கு போர்த்தி ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். இடுப்பு உயரம், தட்டையான தகடு, மேலே கயிறு கோக்க இரண்டு துளை. நடுவில் சின்னச் சின்னக் குழிகள், அடிமேல் அடி வாங்கியது போல. அந்த உப்புக் காற்றிலும் துரு இல்லை. முகர்ந்து பார்த்தேன், மீன் எண்ணெய் வாசம். யாரோ பல வருஷம் எண்ணெய் தடவி வைத்திருந்திருக்கிறார்கள். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். சத்தம் கிளம்பி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது, அடங்கவே இல்லை. கடைக்காரர் ஓடிவந்து உள்ளங்கையை அதன்மேல் அழுத்தினார்.

"அத அடிக்காதீங்க அம்மா. அது ஆளக் கூப்பிட்ட தகரமாக்கும்."

ஆடி மாதம் மழை மூடிக்கொண்டால் கட்டுமரத்தில் போனவர்களுக்குக் கரை தெரியாது. அப்போது பெண்கள் இந்தத் தகரத்தைத் தொங்கவிட்டு அடிப்பார்களாம். ஒவ்வொரு ஊர்த் தகரத்துக்கும் ஒரு குரல் உண்டு. தன் ஊர்க் குரலைப் பிடித்துக்கொண்டு மரம் கரை சேரும். போன மழையில் ஒரு மரம் சேரவில்லை. கை மாற்றிக் கை மாற்றி அடித்தும் வரவில்லை. அதற்கப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்க ஊரில் யாருக்கும் தெம்பில்லை. தகரத்தை விற்றுவிட்டு ஒரு மணியைக் கட்டிவிட்டார்கள்.

"நமக்கு இது வேண்டாம், கேட்டியா," என்றார் வீட்டுக்காரர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தரையில போட்டு ஆணி அறைஞ்சா அது எங்க போய்க் கூப்பிடும்? உங்க காலு போச்சுன்னா நான் யாரக் கூப்பிட?"

வாங்கினோம். வெட்டிப் பொருத்தியதும் தரை பாறை போல நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன்.

கடலோரச் சாலை சரளைக்கல் சாலை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. சக்கரம் வாரி எறிந்த கற்கள் ஒவ்வொன்றும் அடியிலிருந்து தகரத்தில் மோதின. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காது அடைத்ததோ இல்லையோ, சத்தம் வெளியேதான் போனது, கடல் இருந்த பக்கமாக. பள்ளி விட்டு அந்த வண்டியில்தான் நானும் வீடு திரும்புவேன். ஏறியவர்கள் கால்களைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொள்வார்கள்.

வழியில் ஒரு ஊரில் பொழுது சாயும் நேரத்தில் ஒருத்தி சாலையோரம் நிற்பாள். மழையானாலும் நிற்பாள். எங்களைப் பார்க்க மாட்டாள், கடலைப் பார்ப்பாள். வண்டி கடந்ததும் மணலில் இறங்கி வேகமாக நடப்பாள். ஒரு சாயங்காலம் நடுச்சாலையில் வந்து நின்று வண்டியை மறித்தாள். அன்றைக்கு வண்டியில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"டீச்சரே, நீங்க தெனமும் கூப்பிடுதிய. கூப்பிட்டுட்டு நிக்காமப் போயிருதிய."

"நாங்க யாரக் கூப்பிட்டோம்?"

"எனக்க மாப்பிளைய."

கரை சேராத அந்த மரத்தில் போனவரின் மனைவி இவள் என்று அப்போது புரிந்தது. அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"சத்தத்தப் பிடிச்சுத்தான் வாறாரு. நீங்க ஓடிக்கிட்டே இருக்கதுனால எங்க கரையேறணும்னு தெரியல்ல. நேத்து அந்தப் பாறை வரைக்கும் வந்தாரு. வண்டி போயிட்டு, அவரும் அங்கனயே நின்னுட்டாரு."

அவள் காட்டிய பாறையைப் பார்த்தேன். ஈரமாக, கறுப்பாக, வெறுமையாக இருந்தது. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அன்று கோபம்கூட வரவில்லை.

மறுநாளே தகரத்தைக் கழற்றச் சொன்னேன். அவர் உடனே கழற்றினார். அதன் இடத்தில் டின் தகரத்தை இரண்டு மடிப்பாகப் போட்டு மேலே பலகை அறைந்தார். அவர் காலைப் பற்றிய கவலை பழையபடி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. உட்காரட்டும், அது எனக்குத் தெரிந்த கவலை என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தகரத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். இதோடு அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவள் குழிகளைத் தடவினாள். நாங்கள் ஆணி அறைந்த துளைகளில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எண்ணெய் காட்டாம வச்சிருக்கியளே," என்று கடிந்துகொண்டாள். பிறகு முகம் தெளிந்தது. "பரவால்ல. பாதி வழி நீங்க கொண்டாந்துட்டிய. மிச்சத்த நான் கூப்பிட்டுக்கிடுதேன். நீங்க போங்க, இருட்டுது."

நாங்கள் வண்டி ஏறுவதற்குள் அவள் அடிக்கத் தொடங்கிவிட்டாள். எங்கள் தரையில் இப்போது சத்தமே இல்லை, அவள் அடிப்பது மட்டும் நன்றாகக் கேட்டது. அவள் மாப்பிள்ளை வராமல் போனால் இவள் என்ன ஆவாளோ என்று முதலில் கவலைப்பட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு, வந்துவிட்டால் என்ன ஆவாள் என்று நினைத்தேன்.