கொடுமுடிக்குப் போன ஐஸ் பெட்டி

கொடுமுடிக் காவிரியில் ஒரு முங்கு போட வேண்டும் என்று என் மனைவி விஜயா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் இன்சுலின் ஆரம்பித்ததிலிருந்து வெளியூரில் தங்குவதென்றாலே அவளுக்குப் பயம். மருந்து கெட்டுவிட்டால் என்ன செய்வது? சிங்காநல்லூரில் முப்பது வருடமாக லேத் பட்டறை நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

"மருந்து என் பொறுப்பு அம்மணி" என்றேன்.

"செரிங்க. ஆனா தப்பாச்சுன்னா இனிமே நான் எங்கயும் வரமாட்டேனுங்க."

ஒரு வாரம் உட்கார்ந்து பெட்டி செய்தேன். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே தெர்மாகோல், மூடிக்கு ரப்பர் வாஷர். இரண்டு ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவே இரண்டு இன்சுலின் பேனாவும் ஆடாமல் அசையாமல் உட்காரும். பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறைதான்.

வைகாசி மாதம், சனிக்கிழமை. காலை ஊசியையும் டிபனையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு சிங்காநல்லூரில் 8.10க்குக் கரூர் பஸ் ஏறினோம். பல்லடம், காங்கேயம் வழியாக வெள்ளகோவில், சுமார் 80 கி.மீ., ஆளுக்கு 75 ரூபாய். அங்கிருந்து முத்தூர் வழியாக டவுன் பஸ். அதில் பெண்களுக்கு இலவசம் என்பதால் விஜயாவுக்கு டிக்கெட் கிடையாது. 12.20க்குக் கொடுமுடி. லாட்ஜ் வாடகை 900. வெயிலோ மண்டையைப் பிளந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தைய ஊசிக்காகப் பெட்டியைத் திறந்தேன். ஐயோ! இரண்டு பேனாவிலும் மருந்து கல்லாக உறைந்திருந்தது.

"இரு, உள்ளங்கையில தேச்சா உருகிப்போகும்" என்று உருட்ட ஆரம்பித்தேன்.

விஜயா பேனாவைப் பிடுங்கினாள். "சும்மா இருங்க. மெடிக்கல்ல கேக்காம போடறதில்ல." கைப்பையைத் திறந்து டாக்டர் சீட்டை எடுத்தாள். நான் பெட்டியை மட்டும் நம்பினேன். அவள் என்னை நம்பாமல் சீட்டும் கொண்டு வந்திருக்கிறாள். அந்த நிமிஷம் அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மெடிக்கலில் இருந்த பெண் பேனாக்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஒருக்கா உறைஞ்சா அவ்வளவுதானுங்ண்ணா. உருகுனாலும் போடக்கூடாது, வேலை செய்யாது. ஐஸ் மேலயே வெச்சீங்களா?"

"பெட்டி இவரு செஞ்சதுங்க" என்றாள் விஜயா.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சீட்டைப் பார்த்து அதே மருந்தைக் கொடுத்தாள். அறைக்கு வந்து, புதுப் பேனாவின் ஃப்ரிட்ஜ் குளிர் விட்டதும் விஜயா அதை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்துத் தடவை உருட்டினாள். மருந்து ஒரே சீராகப் பால் நிறமானது. புது ஊசி மாட்டி, இரண்டு யூனிட்டை வெளியே விட்டுப் பார்த்தாள். நேற்றுப் போட்ட இடத்தை விட்டுத் தள்ளி வயிற்றில் குத்தி, பத்து எண்ணிய பிறகுதான் ஊசியை எடுத்தாள். அரைமணி கழித்து இட்லி. இனி இவள் வாசலைத் தாண்ட மாட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு ஆற்றுக்குப் போனோம். மூன்று முங்கு போட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏனுங்க, இங்கிருந்து பவானி எவ்வளவு தூரமுங்க?" என்றாள்.

இன்சுலினோடு கிளம்புகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். பிரிக்காத மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். பிரித்த பேனா முப்பது டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வெளியே தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று அட்டையில் பாருங்கள். வெயில் காலத்தில் ஐஸ் வைத்தே ஆக வேண்டுமென்றால் பேனாவைக் கனமான துண்டில் சுற்றுங்கள், ஐஸ் அதன்மேல் படவே கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். டாக்டர் சீட்டு கையோடு இருக்கட்டும்.

ஞாயிறு மத்தியானம் திரும்பும்போதும் என் பெட்டியில் ஐஸ் முழுசாகக் கரையவில்லை. முத்தூர் தாண்டியதும் விஜயா அதிலிருந்து மோர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"எங்கயும் வரமாட்டேன்னு சொன்னயே?" என்றேன்.

"தப்பு பண்ணுனது நீங்க. நான் எதுக்குங்க ஊட்டுல கெடக்கோணும்?" இன்சுலினை ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பெட்டியை என்னிடம் நீட்டினாள். "மோருக்கு நல்ல பெட்டிங்க."