சோறு தின்ன டீம்

"…ஊருக்குன்னு ஒரு டீம் இல்லாதவனுக்கு, வூட்ல சோறு தின்ன டீம்தாங்க சொந்த டீம்" என்கிறார் சைக்கிளோடு நிற்கும் லுங்கிக்காரர்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம். கள்ளக்குறிச்சி எல்லையில் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்த என் கால் கெஞ்சுகிறது. சாயங்காலம் இவர் ஊரில் கூடைப்பந்துப் போட்டி. வெளியூர் டீம்களுக்குத் தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துச் சாப்பாடு போடுவார்களாம், வருசா வருசம். இவர் தெரு டீம் இன்னும் வரவில்லை.

"நெட்டையா பத்துப் பேரு, வழில பாத்தீங்களா?"

"மூணு மைலுக்கு அப்பால உக்காந்திருக்காங்க. திரும்பிப் போயிடலாம்னு பேச்சு."

"ஐயய்யோ! வரலன்னா ஆடாமயே தோத்தாப்லதாங்க. அஞ்சு பேரு இருந்தா ஆடலாம். சைக்கிள்ல முன்னால ஒருத்தரு, பின்னால ஒருத்தரு, மூணு நடைல கொண்டாந்துடுவேன்."

லுங்கியை மடித்துக் கட்டுகிறார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரத்தின்மேல் ஏறுகிறார்.