பல் கறைக்குக் காரணம் தேடிய சின்னசாமி சார்

சின்னசாமி சார் இறந்த செய்தியைத் தலைமையாசிரியர்தான் ஆசிரியர் அறைக்கு வந்து சொன்னார். நெஞ்சுவலியாம். மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ஸ்கூலுக்குப் பேரு வாங்கிக் குடுத்த மனுசனுங்க" என்றார். மாலையில் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் மாலையோடு வந்து அவர் படத்துக்குப் போட்டார். நான் பேச எழவில்லை. எழுந்திருந்தால் கூட்டம் பாதியில் கலைந்திருக்கும். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் அவர் முன்பு சரித்திர ஆசிரியர், நான் கணக்கு ஆசிரியை. கூட்டத்தில் எல்லோரும் சொன்னதுபோல அவர் பழக இனிமையானவரெல்லாம் இல்லை. ஆசிரியர் அறையில் யார் என்ன சேதி சொன்னாலும், "உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?" என்பார். பேரைச் சொன்னால், "அவங்களுக்கு?" என்பார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வாயைத் திறந்தவர் வாயை மூடிக்கொள்வார். அவர் வருவதைப் பார்த்துப் பேச்சை மாற்றியவர்கள்தான் அன்று மாலை அவரை வானளாவப் புகழ்ந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. பிரேயர் முடிந்ததும் டிரில் மாஸ்டர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பல்லைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். பல்லில் பழுப்புக் கறை இருந்தால் கையில் பிரம்படி. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கறைப்பல். பெற்றவர்களும் செங்கல் பொடியைப் போட்டு ஈறு கிழியத் தேய்த்துவிடுவார்கள், கறை போகாது. அன்று பத்தாம் வகுப்புச் சாந்தி கையை நீட்டியபோது சின்னசாமி சார் குறுக்கே போய் நின்றார்.

"இந்தப் புள்ள பல்லு வெளக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"பாத்தாலே தெரியுதே சார்."

"பாத்தா கறைதான் தெரியுது. வெளக்கலைங்கறது நீங்களா சேத்துக்கிட்டது."

டிரில் மாஸ்டர் முகம் கறுத்துப் போனது. அந்த ஆண்டு மாவட்டப் பள்ளிக் கண்காட்சிக்கு ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆய்வறிக்கை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. எங்கள் பிள்ளைகளின் பல்லில் ஏன் கறை என்பதையே தலைப்பாக வைத்து, சாந்தியையும் வகுப்பில் இன்னும் சிலரையும் சின்னசாமி சார் விசாரிக்க இறக்கிவிட்டார்.

முதல் வாரம் பிள்ளைகள் குதூகலமாகத் திரும்பி வந்தார்கள். சரியாகத் தேய்க்காததுதான் காரணம் என்று கம்பவுண்டர் சொன்னார், மளிகைக்கடைக்காரர் சொன்னார், போஸ்ட்மாஸ்டர் சொன்னார். "ஊரே சொல்லுது சார்" என்றான் ஒரு பையன். "அவங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டீங்களா? போயிட்டு வாங்க" என்று மறுபடி அனுப்பினார். பிள்ளைகள் அலுத்துக்கொண்டே போனார்கள். விசாரித்தால், எல்லோரும் போய் நின்ற இடம் ஒன்றுதான்: சில வருஷங்களுக்கு முன் சந்தை நாளில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பல்பொடிக் கம்பெனி வண்டி. அதில் வந்தவன் மைக்கில் சொன்னதைத்தான் கம்பவுண்டரும் கேட்டிருக்கிறார், கடைக்காரரும் கேட்டிருக்கிறார். சார் சிரித்தார். "பத்துப் பேரு சொன்னாலும் பத்துச் சாட்சி இல்லீங்க. பல்பொடி விக்கிறவன் ஒருத்தன்தான் சாட்சி" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு அவர் சனிக்கிழமைகளில் பொம்மிடியில் ரயில் ஏறிச் சேலம் போக ஆரம்பித்தார். அங்கே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் மருத்துவப் புத்தகத்தை வாங்கி, அவர் வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து படித்தார். தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு மிஞ்சினால் சிறு வயதிலேயே பல்லில் கறை விழும், நாளாவட்டத்தில் எலும்பும் கெடும் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் ஒப்பவில்லை. "புஸ்தகம் எழுதினவரு நம்மூரு தண்ணியப் பாத்தாருங்களா டீச்சர்? இது நமக்குப் பொருந்துதான்னு நாமதான் பாக்கோணும்" என்றார்.

எங்கள் ஊரில் இரண்டு தண்ணீர். அறுபதுகளில் ஒரு பஞ்ச காலத்தில் பள்ளிக்கூடத்து முன்னால் ஆழமாக போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். பிரசிடெண்டின் அப்பா பெயரைக் கல்லில் பொறித்திருப்பார்கள். பொங்கலன்று பெண்கள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் தெரு; அவர்களுக்குச் சர்ச்சை ஒட்டிய கோயில் கிணறு, ஆழமில்லாதது. பிள்ளைகள் வீடு வீடாகப் போய், யார் எந்தத் தண்ணீரில் வளர்ந்தார்கள் என்று கேட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பம்புத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறை. கோயில் கிணற்றுப் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே ஒரு வீடு மட்டும் இடித்தது: கோயில் தெருவில் சவரிமுத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் கறைப்பல். "அந்த ஒரு வூட்ட விட்டுட்டா சரியா வந்துருதுங்க சார்" என்றாள் சாந்தி. அவருக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "ஒத்து வராத வூட்டுக்குத்தாம்மா மொதல்ல போவோணும்" என்று அவளையே கூட்டிக்கொண்டு போனார். விசாரித்ததில், அந்தக் குடும்பம் பல வருஷம் பம்புத் தெருவில் குடியிருந்துவிட்டுப் பிறகுதான் ஓடையைத் தாண்டி வந்திருக்கிறது.

அறிக்கை முடிந்த வாரம் தலைமையாசிரியர் அறைக்கு அவரையும், அறிக்கைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த என்னையும் கூப்பிட்டார்கள். பிரசிடெண்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மெட்ராஸ்ல இருந்து வந்த பெரிய மனுசரு அந்தத் தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டு, இளநீ மாதிரி இருக்குதுன்னு சொன்னாருங்க. நீங்க பொடிப் பசங்க பேச்ச வெச்சு வெசம்னு எழுதறீங்களா?"

"வெசம்னு எழுதலீங்க. தண்ணிய எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கன்னுதான் எழுதியிருக்குது. ருசிய வெச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாதுங்க."

"இந்தூருத் தண்ணி கெட்டதுன்னு வெளிய தெரிஞ்சா எவன் நம்ம வூட்டுல பொண்ணு எடுப்பான்?"

அவர் கேட்டது அறிவில்லாத கேள்வி அல்ல; அந்தப் பயம் ஊரில் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கறைப்பல்லைப் பார்த்தே மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவது அவருக்குத் தெரியாதா? அதை நான் கேட்டேன். "டீச்சரம்மா, நீங்க கணக்கப் பாருங்க" என்றார் தலைமையாசிரியர்.

அறிக்கை போகவில்லை. அதற்குப் பதிலாக, 'பல் சுகாதாரம்' என்று பல்பொடிக் கம்பெனித் துண்டுத்தாளை டிரில் மாஸ்டர் விரித்து எழுதி, சின்னசாமி சார் வழிகாட்டுதலில் தயாரித்தது என்று அவர் பெயரையே போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பரிசு வந்தது. தலைமையாசிரியர் சொன்ன 'பேரு' அதுதான். சின்னசாமி சார் எழுதாததற்குக் கிடைத்த கோப்பை இன்றும் அலமாரியில் இருக்கிறது. பரிசு வந்த கையோடு, வருஷத்தின் நடுவில், மாவட்டத்தின் மறு கோடியில் மாரண்டஹள்ளிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு அவரை மாற்றினார்கள். பஸ் ஏறும்போது அவர் யாரையும் திட்டவில்லை. "நான் போறதப் பத்தி ஒண்ணுமில்லீங்க. அந்தப் புள்ளைங்க, நாம தப்பாக் கண்டுபிடிச்சிட்டோம்னு நெனச்சிரக் கூடாது. அதை மட்டும் சொல்லிருங்க டீச்சர்" என்றார். சொன்னேன். சொன்னால் மட்டும் போதுமா? கோப்பையோடு டிரில் மாஸ்டர் நின்ற மேடையைப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

மறுநாள் அரூர்ப் பக்கம் அவருடைய ஊரில் நடந்த இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். சாந்தி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருஷம் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. அழும்போதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் அழுதாள். கட்டிக் கொடுத்ததும் எங்கள் ஊரிலேயே, அதே பம்புத் தெருவில்தான்.

"டீச்சர், அன்னிக்கி நாங்க எழுதுனது நெசந்தானுங்களே?"

"நெசந்தாம்மா. ஒரு வரிகூடத் தப்பில்ல."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அப்ப இவனுக்கும் வருமுங்களா?"

கோயில் கிணற்றிலிருந்து கொண்டுவந்து கொடு என்றேன். மாமியார் விடமாட்டார், வாசலிலேயே பம்பு இருக்கும்போது ஓடை தாண்டித் தண்ணீர் எடுக்கப் போவதா என்று சண்டைக்கு வருகிறார் என்றாள். வகுப்பிலும் நான் சொல்லிப் பார்க்கிறேன். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அந்தப் பம்பில்தான் கையேந்திக் குடிக்கிறார்கள். பிரசிடெண்டுக்கும் தலைமையாசிரியருக்கும் அது வெறும் தண்ணீர். எனக்கு அப்படி இல்லை. சின்னசாமி சார் என்னிடம் விட்டுப்போனது இது ஒன்றுதான்: தெரியாது என்று சொல்லிக்கொண்டு அந்தப் பிள்ளைகளைத் தாண்டிப் போக என்னால் முடியாது.