சர்வர் அறைச் செந்தமிழ்

கதவில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான் செந்தமிழ். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் நேற்றுப் போலவே இருக்கிறதா என்று சோதனையாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு நாடி பார்க்கிற மருத்துவச்சிகூட முகத்தை அவ்வளவு இறுக்கமாக வைத்துக்கொள்ள மாட்டாள். பிறகு சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் முடிந்திருக்கும் சாவியைப் பிடிக்கிறான். கயிற்றை அவிழ்க்க மாட்டான். இடுப்பைப் பூட்டுக்கு நேரே கொண்டுபோய், ஒரு பக்கமாக வளைந்து நின்று திறப்பான். என் உப்பு மில்லில் இடுப்பை ஒடித்துக்கொண்டு வேலைக்குள் நுழைகிற ஆம்பளை இவன் ஒருவன்தான். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், சிரிப்பு அடங்கவில்லை.

உள்ளே இருப்பது ஓர் இரும்புப் பெட்டி. மரக்காணத்துக் காற்று ஆணியைக்கூட விட்டுவைக்காது, நாலு மழைக்குள் பொடியாக்கிவிடும். அதற்குச் செந்தமிழ் கண்டுபிடித்த மருந்து தேங்காய் எண்ணெய். காலையில் பஞ்சில் தொட்டு, பெட்டியின் திருகாணி ஒவ்வொன்றுக்கும் தடவுவான். மிச்சத்தைத் தன் தலையில் தேய்த்துக்கொள்வான். பெட்டியின் நெற்றியில் மூன்று கோடு விபூதி. ஒரு மழைக்காலத்தில், வெளியே உப்பு அம்பாரத்தை மூடுகிற தார்ப்பாயில் ஒரு துண்டு அறுத்துவந்து அதற்கும் போர்த்திவிட்டான். மத்தியானத்துக்குள் பெட்டி கொதித்து நின்றுபோனது.

"ஈரக் காத்து அடிக்கக் கூடாதுன்னுதாங்கய்யா போத்தினேன்" என்றான்.

உப்பை மூடுகிற மாதிரி கம்ப்யூட்டரை மூடக்கூடாது என்று, மூன்றாம் வகுப்போடு நின்ற நான் டிப்ளமோ படித்தவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பத்து வயதில் உப்புப் பாத்தியில் இறங்கியவன். என் உள்ளங்காலைப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும். கூலிக்கு உப்பு வாரியவன் அதே அளத்தை விலைக்கு வாங்கி, பக்கத்திலேயே அயோடின் கலக்கிப் பாக்கெட் போடுகிற மில்லையும் கட்டினேன் என்றால், எந்தத் தலைவனும் கைதூக்கி விடவில்லை. எனக்கு விளங்காத பொருள் என் காம்பவுண்டுக்குள் இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. முதல் லாரி வாங்கியபோது இஞ்சினைப் பிரித்துப்போடச் சொல்லிப் பார்த்தேன். அப்படித்தான் இந்தப் பெட்டியையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

விஷயம் சின்னது. மில்லில் நாற்பது கம்ப்யூட்டர் இருக்கின்றன. காலையில் யார் வந்து பெயரும் பாஸ்வேர்டும் போட்டாலும், 'இது நம்ம ஆள்தான், உள்ளே விடு' என்று சொல்வது இந்த ஒரு பெட்டி. டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வேலை, அவ்வளவுதான். அந்த வாட்ச்மேனுக்கு இவன் பூசாரி.

பெயர்தான் செந்தமிழ். வாயைத் திறந்தால் "டச் பண்ணாதீங்க", "ப்ரொடக்ஷன் அஃபெக்ட் ஆவும்", "அதுல ஒரு டிபென்டென்சி இருக்குதுங்கய்யா". அந்தக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் வேறு வேறு அர்த்தம் சொன்னான். பாஸ்வேர்டு எதையும் எழுதி வைக்க மாட்டான். கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டி, "எல்லாம் இங்க இருக்குதுங்க" என்பான். கீழ்புத்துப்பட்டுக் கோயிலில் அவன் மகளுக்குக் காதுகுத்து நடந்தது. மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது, ஆசாரி கம்பியோடு காத்திருக்கிறார், இவன் போனில், "கேப்ஸ் லாக் ஆன்ல இருக்குதா பாரும்மா, பச்சை லைட்டு எரியுதா?" என்று கத்திக்கொண்டிருக்கிறான். மறுநாள் ஆபீசில் அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

"ஒரு நாள் நான் இல்லன்னா பாத்துக்கங்க, மில்லு ஸ்தம்பிச்சிடும்."

அனுமந்தையிலிருந்து வருகிற மேரிசெல்வி கேட் சீட்டுப் போடுகிறவள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆமாங்க சார், நீங்க இல்லன்னா கடலே உள்ள வந்துடும்."

இந்த வருஷம் அந்தப் பூஜைக்கு முடிவு வந்தது. பெட்டிக்குள் ஓடுவது 2012 விண்டோஸ், செய்தவனே கைவிட்டுவிட்டான், இனி அதை நம்பி உட்காரக்கூடாது என்று ஆடிட்டர் எழுதிக்கொடுத்தார். புதுப் பெட்டி வாங்கினேன். புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்து, ஆட்கள் பெயரையெல்லாம் நகல் எடுக்க விட வேண்டும். பழையதன் கையில் ஐந்து பொறுப்பு உண்டாம்; அவற்றை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்ற வேண்டும். பிறகு பழையதைப் பதவியிலிருந்து இறக்கி அணைத்துவிட வேண்டும். புதுப் பெட்டி விற்ற பாண்டிச்சேரிக்காரர், "ரெண்டு நாள் வேலைங்கய்யா" என்றார்.

அன்றைக்குத்தான் நான் வாயைவிட்டேன். "இனிமே நீங்களே பாண்டியில உக்காந்த எடத்துலேருந்து எல்லாத்தையும் பாத்துக்கலாமாமே?" என்று செந்தமிழ் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டேன். "தாராளமா" என்றார் அவர். செந்தமிழ் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி, தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு நாள் வேலை இரண்டு மாதம் ஆயிற்று. ஆடி மாதத்தில் கேட்டால், "ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாதுங்கய்யா." ஆவணியில், "ரெப்ளிகேஷன் ஓடுது, காப்பி எடுக்குது, நடுவுல கைய வெக்கக் கூடாது." கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "மாத்தியாச்சுங்கய்யா, சக்சஸ்" என்றான். "அப்ப பழசை அணைச்சிடு" என்றேன். "கொஞ்ச நாள் ஓடட்டுங்கய்யா, சேஃப்டிக்கு." தேங்காய் எண்ணெய் தடவுவதும் நிற்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம். பாத்தியில் தண்ணீர் எந்தப் பக்கம் கசிகிறது என்று வரப்பில் நடந்தே கண்டுபிடிக்கிறவன் நான்.

புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போய், ராத்திரி வந்திருக்கிறது. திங்கள் காலை மில் வாசலில் ஏழு லாரி. கடல் பக்கம் மேகம் கறுத்து நிற்கிறது. மழைக்கு முன்னால் ஏற்றி அனுப்ப வேண்டிய சரக்கு. ஆபீசில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும், யார் நீ என்று கேட்கிறது. மேரிசெல்வியுடையது மட்டும் எப்படியோ திறந்து ஒரு சீட்டும் கொடுத்துவிட்டது. டிரைவர் இருசப்பன் அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்தார்.

"ஐயா, இதுல தேதி ரெண்டாயிரத்துப் பன்னெண்டு ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்குது. என் லாரியே பதினேழுல வாங்கினது. லாரி பொறக்கறதுக்கு முன்னாடியே லோடு ஏத்திட்டேனா?"

செந்தமிழைக் கூப்பிட்டேன். "உப்புக் காத்துல உள்ள இருக்கிற பேட்டரி அரிச்சிடிச்சிங்கய்யா. கரண்டு போனதும் பழைய பெட்டிக்குத் தேதி மறந்துபோச்சு" என்றான்.

"பழைய பெட்டிக்கு மறந்தா என்னடா? எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திட்டேன்னியே. அது ஏன் பழசப் பாத்து மணி வெச்சுக்குது?"

நான் பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். புதுப் பெட்டியில் ஒரு வரி தட்டச் சொன்னார். ஐந்து பொறுப்பும் இப்போது எந்தப் பெட்டியின் கையில் இருக்கின்றன என்று காட்டுமாம். பழைய பெட்டியின் பெயர் சால்ட் ஒன், புதியது சால்ட் டூ. மேரிசெல்வி திரையைப் பார்த்து உரக்க வாசித்தாள்.

"சால்ட் டூ. சால்ட் டூ. சால்ட் ஒன்."

அங்கே நிறுத்தி, செந்தமிழை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீதியையும் வாசித்தாள்.

"சால்ட் டூ. சால்ட் டூ."

"மூணாவதா சார்?" என்றது போன். "அதுதான் மணி சொல்ற பொறுப்பு. பாஸ்வேர்டு மாத்தினாலும் முதல்ல அதுகிட்டதான் போவும். ரெண்டு மெஷினுக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் வித்தியாசம் வந்தாலே ஒண்ண ஒண்ணு நம்பாதுங்க. அதை ஏன் மாத்தாம விட்டீங்க?"

"டெஸ்ட்டிங்ல வெச்சிருந்தேன்" என்றான் செந்தமிழ்.

"ஏம்பா, நாலு மாத்தத் தெரிஞ்சவனுக்கு அஞ்சாவது மாத்தத் தெரியலியா?" என்றேன்.

"தெரியுங்கய்யா."

"தெரிஞ்சு ஏன்டா வெச்சிருந்த?"

அவன் எண்ணெய்த் தலையைக் குனிந்துகொண்டான். இருசப்பன், மேரிசெல்வி, போனுக்குள் பாண்டிச்சேரிக்காரர், இத்தனை பேர் நடுவில் சொன்னான்: "அஞ்சையும் குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்குங்கய்யா வர்றது?"

மேரிசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பைவிட அருவருப்புத்தான் வந்தது. இந்தக் கையால் நான் ஆறு முதலாளிகளிடம் மேஸ்திரி வேலை பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அளத்தை விட்டு வரும்போதும் எந்த மடையை எத்தனை விரல் திறக்க வேண்டும், எந்தப் பாத்தியில் சேறு ஏறும் என்று அடுத்த ஆளுக்கு நடந்து காட்டிவிட்டுத்தான் கரையேறினேன். மடைப் பலகை ஒன்றைக்கூட இடுப்பில் சொருகிக்கொண்டு வந்ததில்லை. சொல்லிக்கொடுத்த பிறகும் அடுத்த பருவத்துக்கு என்னைத்தான் தேடி வந்தார்கள். வேலை தெரிந்தவனுக்கு ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? இவனோ, பன்னிரண்டு வருஷம் சம்பளம் வாங்கிய இடத்தில் ஏழு லாரியை நிறுத்தி, என் உப்பை மழைக்குக் காட்டி, ஒரு கடிகாரத்தைப் பதுக்கி வைத்திருக்கிறான்! திருடுகிறவனாவது விலைபோகிற பொருளாகப் பார்த்து எடுப்பான்.

"இப்ப மாத்து" என்றேன்.

உட்கார்ந்தான். முதலில் பழைய பெட்டிக்குச் சரியான தேதியும் மணியும் வைத்தான். பிறகு ஐந்தாவதை மாற்றினான். தப்பாக ஓர் எழுத்தும் தட்டவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மொத்தம் கால்மணி நேரம். ரெண்டு மாதம் ஜவ்வாக இழுத்தவனுக்குக் கால்மணி நேரம் போதுமாயிருந்தது! ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று கம்ப்யூட்டர்களை அணைத்துத் திறந்தான். பத்தரைக்கு முதல் லாரி எடைமேடை ஏறியது. மத்தியானம் பழைய பெட்டியைப் பதவியிறக்கி, அணைத்து, ஒயர்களைப் பிடுங்கினான். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுத வைத்து வாங்கி, என் இரும்பு அலமாரியில் பூட்டினேன். ஒன்பது பக்கம் வந்தது. அந்த மண்டைக்குள் அவ்வளவு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் வந்து வாசற்படியில் நின்றான்.

"நாளைக்கு வரட்டுங்களாய்யா?"

"யோசிச்சுச் சொல்றேன் போ" என்றேன். உடனே சொல்லிவிட்டால் அவனுக்குப் புத்தி வராது.

மறுநாள் எட்டரைக்கு என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. செந்தமிழ் கேட்டுக்கு உள்ளே, வருகைப் பதிவு மெஷின் முன்னால் நின்றிருந்தான். பெருவிரலை வைத்தான். பச்சை விளக்கு எரிந்து, நம்ம ஆள்தான் என்று அவன் பெயரைக் காட்டியது. பின்னால் பாக்கெட் போடுகிற பெண்கள் வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நகரவில்லை. விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தான்.