ஏழாம் பாத்தியில் யார் கை பட்டது?

கர்ப்பிணி தொட்டால் செடி கெட்டுவிடும் என்று ஒருவன் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரித்துவிட்டுப் போவீர்களா? அவன்தான் உங்கள் மேற்பார்வையாளன் என்றால்?

ரியோநெக்ரோவின், பிளாஸ்டிக் கூரை போட்ட சாமந்திக் கூடாரம் ஒன்றில் டியோசெலினா ஒகாம்போ பதினோரு வருடம் பாத்தி பார்த்தவள். சாமந்திக்கு நீண்ட இருட்டு கிடைத்தால் மொட்டு விடும். பூமத்திய ரேகைக்கு அருகே என்பதால் அங்கே வருடம் முழுக்க இரவு பன்னிரண்டு மணி நேரம், அதுவே மொட்டு விடப் போதும். அதனால் நடு இரவில் சில மணி நேரம் விளக்கெரித்து இருட்டை உடைப்பார்கள். செடி பூப்பதை மறந்து தண்டை நீட்டும். தண்டு நீண்டால்தான் விலை.

அவள் வயிறு தெரியத் தொடங்கியதும், எல்லோரும் மரியாதையாக 'டோன்' என்று அழைக்கும் மேற்பார்வையாளர் ஆர்செசியோவுக்குப் பயம் வந்தது. கார்மென் மாதாவின் படம் போட்ட பெரிய துணியை ஏழாம் பாத்திக்கு மேல், விளக்குக்குக் கீழே, பந்தல் போலக் கட்டினார். மாதா குனிந்து செடிகளைப் பார்த்து ஆசீர்வதிக்க வேண்டுமாம். சில வாரங்களில் அங்கே செடிகள் முழங்கால் உயரத்திலேயே மொட்டு விட்டு வீணாயின. அவள் கை பட்டதுதான் காரணம் என்று டியோசெலினா குப்பைமேட்டுக்குக் கழிவு தள்ளும் வேலைக்குத் துரத்தப்பட்டாள். மாதக் கடைசியில் வேலையும் போகும் என்றார்கள்.

அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. ஏழாம் பாத்தியில் புதுக் கன்று நட்டார்கள். அதுவும் மூன்றே வாரத்தில் மொட்டு விட்டு அவள் தள்ளுவண்டிக்கு வந்தது. பண்ணையின் இன்ஜினியர் சுலுவாகா பார்வையிட வந்த நாளில் அவள் வண்டியோடு வாசலில் நின்றாள்.

"மூணு வாரமா நான் உள்ளயே வரல, டோன் ஆர்செசியோ. இந்த தடவை யாரு வயிறு பட்டுச்சு? உங்களுதா?"

அவருடைய தொந்தியைப் பார்த்துப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பிளாஸ்டிக் வழியா நீ எட்டிப் பாக்குறியே, அது போதாதா?"

"அப்ப பாத்தி முழுக்கக் கெட்டிருக்கணுமே! துணிக்குக் கீழ மட்டும் ஏன்? இன்ஜினியர், அந்தத் துணிய மூணாம் பாத்திக்கு மாத்துங்க. ஏழுல என்னைய விடுங்க. தினமும் ரெண்டு கையாலயும் தடவுறேன். நான் தோத்தா நானே போயிடறேன்."

"மாதாவச் சோதிக்கிறியா?" என்று ஆர்செசியோ கத்தினார்.

"மாதாவ இல்ல. உங்களத்தான்."

சுலுவாகா நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "மாத்துங்க," என்றார்.

நான்காவது வாரம் மூன்றாம் பாத்தியில், இரவு விளக்கைத் துணி மறைத்த அகலத்துக்கு, ஒரு சாண் கூடக் குறையாமல், மொட்டுகள். ஏழில் அவள் தடவிய செடிகள் ஒரு மொட்டுமில்லாமல் அவள் வயிற்றை எட்டி வளர்ந்து நின்றன. ஆர்செசியோ தானே ஏணி போட்டுத் துணியை அவிழ்த்தார். "ஏணிய நான் புடிச்சுக்கிறேன், டோன் ஆர்செசியோ. தொட்டா ஒண்ணும் ஆகாது!" என்றாள் அவள். கூடாரமே கைதட்டியது. முன்பு அதே காரணம் சொல்லி வெளியேற்றிய இரண்டு பெண்களையும் அந்த வாரமே திரும்ப அழைத்தார்கள். அதையும் அவள்தான் கேட்டு வாங்கினாள்.

உங்கள் ஊரிலும் உடம்பைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்தோ வயலிலிருந்தோ ஒதுக்கி வைத்திருப்பார்கள். நாளைக்கே போய், "சோதிச்சுப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.