வதனி அன்ரியின் மேல்மாடி

வதனி அன்ரியைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். தமிழ் ஒழுங்காக எழுதக்கூடிய பிள்ளை என்று என்னிடம் கேட்டார்களாம். அவரை அறிந்த நீங்கள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். எழுதும் எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

செய்தி ஒரு ஞாயிறு காலை வந்தது. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, "வதனி போயிட்டாவாம், நித்திரையிலையே" என்றார். புட்டு அவிந்துகொண்டிருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு அடுத்ததாகச் சொன்னார்: "செத்த வீட்டிலை ஆரும் கேட்டா, அவவின்ரை ரியூசனுக்குக் கணக்குப் படிக்கத்தான் போனனான் எண்டு சொல்லு."

நான் கணக்குப் படிக்கத்தான் போனேன். உண்மையை ஏன் ஒரு பொய்யைப்போலச் சொல்லித்தர வேண்டும்?

அன்ரி ஜெர்மனியிலிருந்து மிச்சம் என்ற இந்த ஊருக்கு வந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்தார். ஒரு நாள் கையில் தழும்போடு வந்த தமிழ்ச் சிறுமியிடம் ஆசிரியர்கள் விசாரித்தார்கள். அவளுக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்க்க அவளுடைய சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அடித்தவரே அவர்தான்.

"பிள்ளை சொன்னது ஒண்டு, அவர் இங்கிலீசிலை சொன்னது வேறை. நான் சாப்பாட்டுத் தட்டோடை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். தட்டை வைச்சிட்டு வாயைத் திறந்தன்" என்பார் அன்ரி.

அப்படித் தொடங்கியதுதான் மேல்மாடி. மூடிக்கிடந்த ஒரு கடையை எடுத்து, மேலே ஓர் அறையில் கம்பளம் விரித்தார். வீட்டில் அடிபடும் பிள்ளையிடம் நடந்ததைப் பொலிஸ்காரியும் கவுன்சிலின் பிள்ளைப் பாதுகாப்பு ஆளும் அங்கேயே வந்து கேட்பார்கள். பிள்ளை தன் மொழியில் ஒரே தடவை சொன்னால் போதும். உறவினர் எவரும் அறைக்குள் இருக்கக்கூடாது. அதன்பிறகு பள்ளிக்கூடமோ கோர்ட்டோ, எங்கே போனாலும் அன்ரி அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பார்.

திறப்பு விழாவை நம் வழக்கப்படியே செய்தார்: குத்துவிளக்கு, பன்னீர், வீடியோக்காரர். முதன்முதலாக உதவி கேட்டு மகனோடு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த தாயையும் வீடியோ பிடித்துவிட்டது. அது வீடு வீடாகப் போனது. "உங்கடை வீட்டிலை என்ன பிரச்சினை?" என்று மீன் கடையில் வைத்தே அவரைக் கேட்டார்கள். அவர் பிறகு வரவேயில்லை.

"முதல் வந்த பிள்ளையையே சந்தியிலை நிப்பாட்டிப்போட்டன்" என்று அன்ரி அதை மறைக்காமல் சொல்வார்.

அதற்குப் பிறகுதான் கீழே ரியூசன் வந்தது. அன்ரிக்குக் கணக்கே வராது. படிப்பிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைப் பிடித்தார். பிள்ளைகள் கூட்டமாக வந்துபோனால், யார் எதற்கு வந்தார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. பக்கத்து ஊரான நோர்பரியிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். எங்களிடம், "பிழைச்சாலும் பரவாயில்லை, சத்தம் போட்டு வாய்ப்பாடு சொல்லுங்கோ. மேலை ஒரு பிள்ளை கதைக்கிறது கீழை கேக்கக்கூடாது" என்பார். நாங்கள் கத்துவோம்.

இந்த வருடம் நாங்கள் விட்டுவந்த ஊரில் யுத்தம் கடுமையாக இருந்தபோது, ரியூசன் குழுவின் தலைவர் சிவா அங்கிள் வந்து சத்தம் போட்டார். "அங்கை சனம் செத்துக்கொண்டிருக்கு. இந்த நேரத்திலை வெள்ளைக்காரனுக்கு எங்கடை ஊத்தையைக் காட்டுறியளோ?"

"நானும் பார்லிமென்டுக்கு முன்னாலை ஆர்ப்பாட்டத்திலை உங்களோடைதானே அண்ணை நிண்டனான்? பிள்ளையளைக் காப்பாத்துங்கோ எண்டுதானே கத்தினனாங்கள்? மேலை இருக்கிறதும் பிள்ளைதான். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார் அன்ரி.

அங்கிள் குடிக்காமல் போய்விட்டார்.

போன வாரம் மலரைப் பற்றிப் பேச அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடினோம். அட்டையில் "கணித ஆசிரியை" என்று போடுவதாக அங்கிள் சொன்னார். ரியூசன் அன்ரியின் பெயரில் தொடரும், மேல் அறையைப் பக்கத்துக் கடைக்குச் சாமான் வைக்கக் கொடுக்கலாம் என்றார். என்னைப் பார்த்து, "பிள்ளை, மேல்மாடிக் கதை வேண்டாம், என்ன?" என்றார். அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண், சின்னப் பெண்பிள்ளையோடு மழையில் நனைந்து வந்தார்.

"வதனியக்கா நிக்கிறாவோ?"

"அவ மோசம் போயிட்டா, செத்த வீடும் முடிஞ்சுது. ரியூசன் சனிக்கிழமைதான்" என்றார் அங்கிள்.

"ரியூசனுக்கு இல்லை..." என்று தொடங்கியவர் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லோரும் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தாயின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்தாள். கவுன்சிலில் யாரிடம் அவர்களை அனுப்ப வேண்டும் என்று அந்த அறையில் பலருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்ரி இருந்திருந்தால் கதவடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, அந்தப் பிள்ளையை எங்கள் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டு நின்றிருப்பார். சனிக்கிழமைகளில் எத்தனையோ தடவை அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த முதுகுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது. அதனால்தான் வேண்டாம் என்றதை எழுதியிருக்கிறேன். மேல் அறையைக் கொடுத்துவிடாதீர்கள். மலரில் மேல்மாடியை வெட்டுவதென்றால் இந்தப் பக்கம் முழுவதையும் வெட்டிவிடுங்கள்.

அந்தப் பெண் "சரி" என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். "நேரம் போச்சு" என்றார் யாரோ. கதிரைகளை மடக்கி வைத்தோம். விளக்குகளை அணைத்தார்கள்.