டவுன்லோட் பக்கத்து வாசல்காரர்

அச்சகத்தில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவருக்குச் சோறு போட்ட வேலை. வீட்டுக்கு வந்தால், யாரும் சம்பளம் தராத இன்னொரு வேலை காத்திருக்கும். படம் வரைய உதவும் ஒரு மென்பொருளை, ஒருவரையொருவர் பார்த்தே இராத பலர் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் இணையதளத்தில் டவுன்லோட் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் அவர். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அவரைக் கேலியாக ‘வாசல்காரர்’ என்றார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவர் கைக்கு வந்தபோது அந்தப் பக்கம் மூட்டை அவிழ்த்துக் கொட்டிய துணி மாதிரி கிடந்தது. பழைய பதிப்பு, புதிய பதிப்பு, இன்னும் வேகாத பதிப்பு எல்லாம் ஒரே குவியல். வந்தவர்கள் எதையோ இறக்கிக்கொண்டு போய், திறக்கவில்லை என்று திட்டி எழுதினார்கள். அவர் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு கேள்வியை வைத்தார்: உங்களிடம் இருப்பது எந்தக் கணினி? பதிலுக்கு ஏற்ற ஒரே பட்டன். அதன் கீழே நிறுவும் முறை, ஒரு படிக்கு ஒரு வரி. மற்றவையெல்லாம் தனிப் பக்கத்துக்குக் குடிபோயின.

எழுதிய வரி சரிதானா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. தையல் கடையைப் பூட்டிவிட்டு வரும் மனைவியைக் கணினி முன்னால் உட்கார வைப்பார். தான் பின்னால் ஒரு நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். வாயைத் திறக்க மாட்டார். அவள் எந்த இடத்தில் திகைத்து நின்றாலும் குற்றம் பக்கத்தினுடையது, அவளுடையது இல்லை.

“ஊர்ல அவனவன் பொண்டாட்டிய சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறான். உங்களுக்கு நான் சோதனை எலி,” என்பாள்.

ஒருமுறை பாதியில் திரை அசையாமல் நின்றது. உயிர் போய்விட்டது என்று அவள் சுவிட்சையே அணைத்துவிட்டாள். அவர் சிரிப்பை அடக்கிய அடக்கில் நாற்காலிதான் கிறீச்சிட்டது. மறுநாள் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது: ‘திரை சற்று நேரம் சும்மா இருக்கும். பயப்படாதீர்கள், உள்ளே வேலை நடக்கிறது.’

மாரடைப்பு அவரைக் கொண்டுபோன பிறகு அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து வாசித்தாள். சுவரில் மாட்டிய படம் பேசாது. அந்த வரிகள் பேசின.

அவர் இடத்துக்கு வந்த பெண் ஒருநாள் மத்தியானம் போன் செய்தாள். தளம் முழுவதையும் புதிதாக்குகிறார்களாம். வாசல்காரரின் பக்கத்தை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லையாம்.

“புதுப் பக்கத்தைப் படிச்சு நீங்களே போட்டுப் பாருங்கக்கா. எங்கயாவது நின்னீங்கன்னா பழசே இருக்கட்டும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். எங்காவது நிற்க வேண்டும், ஒரே ஒரு இடத்தில் புரியாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் படித்தாள். வழி வழுக்கிக்கொண்டு போயிற்று. திரை சும்மா நிற்கவும் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புரியவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும். அது தொண்டை வரை வந்தது. அவரிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

“எங்கயும் நிக்கலம்மா. நல்லாத்தான் எழுதியிருக்கே. மாத்திடு.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரையில் ஒரு வெள்ளைத் தாள் திறந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இதைத் தாண்டிப் போனதே இல்லை. அடுத்த சோதனைக்குக் கணினி ஒன்றும் அறியாததாக இருக்க வேண்டும் என்று, போட்டு முடித்த கையோடு மென்பொருளை அவர் அழித்துவிடுவார்.

“ஏம்மா, இதை வெச்சு என்னதான் பண்ணுவாங்க?”

“அக்கா, நிஜமாவா கேக்கறீங்க?”

“சத்தியமா எனக்குத் தெரியாது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு, ஓரத்தில் பேனா மாதிரி இருப்பதை அழுத்தச் சொன்னாள். அவள் அழுத்தி, சட்டைக் கைக்கு வெட்டும் வளைவை இழுத்துப் பார்த்தாள். துணியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற வளைவு, இங்கே ஆட்டுக்கொம்பாக முறுக்கிக்கொண்டது. அதை அழித்துவிட்டு இன்னொன்று இழுத்தாள்.